கீழே இறங்கினால் தலைப்பு மறைகிறதா? எக்செல், கூகுள் ஷீட்ஸில் மேல் வரிசையை நிறுத்தி வைப்பது எப்படி?

காரைக்கால் மாவட்டத்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கும் மண்டபத்தூர் போன்ற ஒரு மீனவ கிராமத்தில், குடும்பங்களின் பட்டியலை கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், ரேஷன் அட்டை எண், ஆதார் எண், செல்போன் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, படகு விவரம் என மேலே எட்டு தலைப்புகள். முதல் 25, 30 பேர் வரை ஒரு சிக்கலும் இல்லை. அதற்குக் கீழே போனதும் தலைப்புகள் திரையை விட்டு மேலே நழுவிவிடும். 212-வது குடும்பத்துக்கு வரும்போது கண்ணுக்குத் தெரிவது வெறும் எண்கள்தான். ஒன்று 10 இலக்கம், ஒன்று 11 இலக்கம், ஒன்று 12 இலக்கம். இதில் எது செல்போன், எது கணக்கு, எது ஆதார்?

"நாலாவது கட்டம் ஆதார், எனக்கு மனப்பாடம்" என்று சொல்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவர் சாப்பிடப் போன நேரத்தில் வேறொருவர் உட்கார்ந்து தொடர்வார். அல்லது நடுவில் யாரோ ஒரு புதிய கட்டத்தைச் செருகியிருப்பார்கள். அப்போது நாலாவது கட்டம் ஐந்தாவது ஆகியிருக்கும்.

இந்தத் தொல்லைக்கு தீர்வு இரண்டு மூன்று கிளிக்கில் முடிந்துவிடும். தலைப்பு வரிசையை மேலேயே நிறுத்தி வைக்கும் வசதி எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. பெயர் 'ஃப்ரீஸ்', அதாவது உறைய வைப்பது. ஆனால் தினமும் எக்செல் திறக்கிற பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதில் அப்படி என்ன ஆபத்து?

புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் பகுதிகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் இருக்கிற மாஹேவுக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு கரையில் நிற்கும் இந்த இரண்டு மாதத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. இந்த மாதிரித் தொகைகள் இப்போது வங்கிக் கணக்குக்கே போகின்றன. எனவே ஒரு குடும்பத்துக்குப் பணம் வருமா வராதா என்பது, எங்கோ ஒரு பட்டியலில் எந்தக் கட்டத்தில் எந்த எண் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெயர் சரியாக இருந்தால் வங்கியில் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். ஆன்லைன் பணப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பது கட்டாயமில்லை. பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பரிமாற்றங்களில் வங்கிகள் தர வேண்டும் என்ற உத்தரவே 2025 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்துத்தான் வந்தது. ஒரு எண் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதிர்ஷ்டம் இருந்தால் பணம் திரும்பி வரும். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும்.

கட்டம் மாறுவது வளர்ந்த நாடுகளிலும் நடக்கிறது. 2021-ல் பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, பல பகுதிகளின் எக்செல் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கோப்பிலும் தலைப்புகள் ஒவ்வொரு மாதிரி. வேல்ஸ் பகுதி விண்ணப்பதாரர்களின் தரவரிசை எண், நேர்காணல் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் இடம் பிடித்தவருக்கு மதிப்பெண் 1! நன்றாகத் தேறியவர்களுக்கே 'தகுதியில்லை' என்று தகவல் போனது. விண்ணப்பித்தவர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

எக்செலில் செய்வது எப்படி?

முதலில் ஒரு சின்ன விளக்கம். எக்செலில் இடமிருந்து வலமாகப் போவது வரிசை, அதாவது ரோ. மேலிருந்து கீழாகப் போவது நெடுவரிசை. வரிசைகளுக்கு 1, 2, 3 என எண்கள், நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி என ஆங்கில எழுத்துகள்.

தலைப்பு முதல் வரிசையில் மட்டும் இருந்தால் வேலை சுலபம். மேலே 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' என்பதைத் தட்டி, 'ஃப்ரீஸ் டாப் ரோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். இனி ஆயிரமாவது வரிசைக்குப் போனாலும் தலைப்பு மேலேயே நிற்கும். கீபோர்டிலேயே முடிக்க நினைப்பவர்கள் ஆல்ட் விசையை அழுத்திவிட்டு டபிள்யூ, எஃப், ஆர் என்று ஒவ்வொன்றாகத் தட்டலாம்.

ஆனால் நம்மூர்ப் பட்டியல்கள் அப்படி ஒழுங்காக ஆரம்பிப்பதில்லை. முதல் வரிசையில் துறையின் பெயர், இரண்டாவதில் கிராமத்தின் பெயரும் தேதியும், மூன்றாவதில்தான் தலைப்புகள். இங்கே 'டாப் ரோ' கொடுத்தால் துறையின் பெயர் மட்டும் ஜம்மென்று மேலே நிற்கும், வேண்டிய தலைப்பு ஓடிவிடும். இந்த மாதிரி இடத்தில் பொதுவான 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கட்டளைதான் கைகொடுக்கும். அதன் விதி ஒன்றே ஒன்று. எந்தக் கட்டத்தில் கர்சரை வைக்கிறீர்களோ, அதற்கு மேலே இருக்கிற எல்லா வரிசையும், அதற்கு இடப்பக்கம் இருக்கிற எல்லா நெடுவரிசையும் உறைந்து நிற்கும்.

மூன்று வரிசைகள் மட்டும் நிற்க வேண்டுமா? நான்காவது வரிசையின் முதல் கட்டத்தில், அதாவது ஏ4-ல் கர்சரை வைத்து 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுங்கள். வரிசை எண்ணும் குடும்பத் தலைவர் பெயரும்கூட இடப்பக்கம் நிற்க வேண்டுமா? சி4-ல் வையுங்கள். இப்போது கீழே போனால் தலைப்பு தெரியும், வலப்பக்கம் போனால் பெயர் தெரியும். அகலமான பட்டியலில் இந்த இரண்டாவது வசதிக்குத்தான் மதிப்பு அதிகம். தலைப்பு தெரிந்து, யாருடைய கணக்கு எண் என்று தெரியாமல் போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

எடுத்துவிட வேண்டும் என்றால் அதே இடத்தில் 'அன்ஃப்ரீஸ் பேன்ஸ்' இருக்கும். ஒரு கோப்பில் பல ஷீட்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் செய்தது அடுத்ததற்குத் தானாகப் போகாது. கோப்பை சேமித்துவிட்டால், அடுத்தவர் எக்செலில் திறக்கும்போதும் தலைப்பு நின்றபடியே இருக்கும்.

செய்தும் சரியாக வரவில்லையா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஷீட்டைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு, உதாரணமாக 5-வது வரிசை திரையின் உச்சியில் இருக்கும்போது 'ஃப்ரீஸ் டாப் ரோ' கொடுத்தால், எக்செல் அந்த 5-வது வரிசையையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கிற நான்கு வரிசைகளும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். "டேட்டா காணோம்" என்று பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. அன்ஃப்ரீஸ் செய்து, கன்ட்ரோலோடு ஹோம் விசையை அழுத்தி உச்சிக்குப் போய், மறுபடி ஃப்ரீஸ் செய்தால் எல்லாம் வந்துவிடும்.

ஏ1 கட்டத்தில் கர்சரை வைத்துக்கொண்டு 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுத்தாலும் வேடிக்கைதான். அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை, பக்கத்திலும் ஒன்றுமில்லை. எக்செல் என்ன செய்யும் தெரியுமா? திரையின் நடுவில் போய்க் கோடு போட்டுவிடும்.

'ஃப்ரீஸ் பேன்ஸ்' மங்கலாக, தட்ட முடியாமல் இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஏதோ ஒரு கட்டத்துக்குள் டைப் செய்து பாதியில் விட்டிருப்பீர்கள். எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். அல்லது ஷீட் 'பேஜ் லேஅவுட்' பார்வையில் இருக்கும். 'வியூ' மெனுவில் 'நார்மல்' என்று மாற்றினால் சரியாகிவிடும். கோப்பை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தாலும் சில நேரம் இப்படி ஆகும்.

'வியூ' மெனுவில் பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்பிளிட்' வேறு சமாச்சாரம். அது திரையை இரண்டாக, நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக நகர்த்த விடும். தலைப்பை நிறுத்தி வைக்க அது தேவையில்லை.

எக்செலில் இன்னொரு நல்ல வழியும் உண்டு. பட்டியலுக்குள் எங்காவது கிளிக் செய்து, கன்ட்ரோலோடு டேபிள் என்பதன் முதல் எழுத்தான 'டி'-யை அழுத்துங்கள். மொத்தப் பட்டியலும் 'டேபிள்' ஆகிவிடும். கீழே போகும்போது மேலே ஏ, பி, சி என்று இருக்கும் எழுத்துகளின் இடத்தில் உங்கள் தலைப்புகளே வந்து உட்காரும். கர்சர் டேபிளுக்குள் இருக்கும் வரைதான் இது. வெளியே கிளிக் செய்தால் பழையபடி எழுத்துகள் வந்துவிடும்.

போனில் பார்ப்பவர்கள் என்ன செய்வது?

பட்டியல்கள் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் சுற்றுகின்றன. ஊர்ப் பஞ்சாயத்தார் பார்ப்பதும் போனில், சரிபார்க்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து வருவதும் போனுக்கு. ஆறு அங்குலத் திரையில் தலைப்பு மறைய ரொம்ப நேரம் ஆகாது.

கூகுள் ஷீட்ஸ் செயலியில், இடது ஓரத்தில் இருக்கும் வரிசை எண்ணை விரலால் அழுத்திப் பிடியுங்கள். வரும் மெனுவில் 'ஃப்ரீஸ்' இருக்கும். ஐபோனில் அந்த மெனுவில் அம்புக்குறியைத் தட்டினால்தான் தெரியும். எக்செல் செயலியில், கோப்பை எடிட் செய்யும் நிலைக்கு வந்து, கீழே திறக்கும் மெனுவில் 'ஹோம்' என்று இருப்பதை 'வியூ' என்று மாற்றுங்கள். அங்கே 'ஃப்ரீஸ் பேன்ஸ்' இருக்கும்.

கம்ப்யூட்டரில் கூகுள் ஷீட்ஸ் திறப்பவர்களுக்கு 'வியூ', 'ஃப்ரீஸ்', '1 ரோ' என்று மூன்றே தட்டு. மூன்றாவது வரிசை வரை நிற்க வேண்டுமானால், அந்த வரிசையில் கர்சரை வைத்துவிட்டு 'அப் டு ரோ 3' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே எக்செலுக்கு நேர் மாறான விஷயம் ஒன்று உண்டு. எக்செலில் நிற்க வேண்டிய வரிசைக்கு அடுத்த வரிசையில் கர்சர் வைக்க வேண்டும், கூகுளில் அந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரிசை கூடிக் குறைவது இதனால்தான்.

போனில் பேராசைப்பட வேண்டாம். பெயர், அப்பா பெயர், முகவரி என்று மூன்று நெடுவரிசைகளை நிறுத்தி வைத்தால் அவையே முழுத் திரையையும் அடைத்துக்கொள்ளும். மீதியைப் பார்க்க நகர்த்தவே முடியாது. ஒரு தலைப்பு வரிசை, ஒரு குறுகலான நெடுவரிசை போதும். 'மெர்ஜ்' செய்து இணைத்த கட்டங்கள் இருந்தாலும் கூகுள் ஷீட்ஸ் முரண்டு பிடிக்கும். இணைந்த கட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் உறைய வைக்க அது அனுமதிக்காது. துறையின் பெயரை எட்டு கட்டங்களை இணைத்து நடுவில் அழகாகப் போட்டிருக்கும் பட்டியல்களில் அடிக்கடி வரும் தொல்லை இது. இணைப்பைப் பிரித்துவிடுங்கள், அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு 'வியூ' மெனுவிலேயே 'ஃப்ரீஸ் ரோஸ் அண்ட் காலம்ஸ்' இருக்கிறது. கர்சர் வைக்கும் விதி எக்செல் மாதிரிதான். பழைய ஓப்பன் ஆபீஸ் கால்க்கில் அது 'விண்டோ' மெனுவில் இருக்கும்.

தலைப்பு நிற்கிறது, எண் தப்பாகிறதே?

ஃப்ரீஸ் என்பது பார்வைக்கான வசதி மட்டும். டேட்டாவுக்கு அது காவல் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் தலைப்பு பளிச்சென்று தெரியும்போதே தப்பு நடக்கும்.

எக்செலில் தலைப்பை நிறுத்தி வைத்துவிட்டோம் என்று நம்பி 'சார்ட்' கொடுத்தால், தலைப்பு வரிசையும் பெயர்களோடு சேர்ந்து அகர வரிசையில் எங்கோ நடுவில் போய் உட்காரலாம். சார்ட் செய்யும் பெட்டியில் 'மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்' என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ஷீட்ஸில் முழு ஷீட்டையும் சார்ட் செய்தால் உறைந்த வரிசை அசையாது. அந்த வகையில் அது கொஞ்சம் பாதுகாப்பு.

இதைவிட மோசமான விபத்து, ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்வது. பெயர்கள் அகர வரிசைக்கு மாறிவிடும், கணக்கு எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு! அப்போது எக்செல் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். அதில் 'எக்ஸ்பேண்ட் தி செலக்ஷன்' என்பதை விட்டுவிட்டு மற்றதைத் தட்டினால் போச்சு. உடனே கவனித்தால் கன்ட்ரோலோடு 'இசட்' அழுத்தி மீட்கலாம். சேமித்து மூடி, அடுத்த நாள் கவனித்தால் பழைய பிரதி இருந்தால்தான் உண்டு.

எண்களிலும் எக்செலுக்கு ஒரு குணம் இருக்கிறது. 12 இலக்க ஆதார் எண்ணை அப்படியே டைப் செய்தால், நடுவில் புள்ளியும் ஈ என்ற ஆங்கில எழுத்துமாக சுருக்கிக் காட்டும். ஆதாரில் அது தோற்றம் மட்டும், எண் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் 15 இலக்கத்துக்கு மேல் எக்செலுக்கு நினைவில் நிற்காது. சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அதை எண்ணாக டைப் செய்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். கணக்கு எண் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அந்த பூஜ்யமும் காணாமல் போகும். டைப் செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போடுங்கள். தப்பாகிப் போன பிறகு 'டெக்ஸ்ட்' ஆக்கினால் பலன் இல்லை, போன இலக்கம் போனதுதான்.

தலைப்பிலேயே சின்னக் குறிப்பு எழுதி வைப்பதும் நல்லது. 'ஆதார் - 12', 'செல்போன் - 10', 'ஐஎஃப்எஸ்சி - 11' என்று இலக்கத்தைச் சேர்த்துவிட்டால், தலைப்பு எப்போதும் கண்முன் இருப்பதால் டைப் செய்பவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' எழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். தலைப்பைத் தமிழில் எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் எழுதிய தலைப்பு போனில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதை மேலே நிறுத்தி வைத்து யாருக்கு லாபம்?

இன்னொன்று. ஆதாரும் வங்கிக் கணக்கும் இருக்கிற கோப்பை அப்படியே குரூப்பில் போட வேண்டாம். அந்த நெடுவரிசைகளை 'ஹைட்' செய்து மறைத்து அனுப்புவதும் பாதுகாப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் ஒரு கிளிக்கில் திறந்து பார்க்கலாம். பெயரும் வரிசை எண்ணும் மட்டும் உள்ள தனிப் பிரதி எடுத்து அனுப்புங்கள்.

எவ்வளவு பெரிய பட்டியலைத் தாங்கும்?

இப்போதைய எக்செலில் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை 2,00,222. ஆளுக்கொரு வரிசை கொடுத்தாலும் இதே மாதிரி ஐந்து மாவட்டங்கள் ஒரே ஷீட்டில் அடங்கும். ஆனால் 2003 வரை இருந்த பழைய எக்செல் வகைக் கோப்பில் 65,536 வரிசைகள்தான். காரைக்காலின் மூன்றில் ஒரு பங்கு மக்கள்கூட அதற்குள் அடங்க மாட்டார்கள். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் ஏறாமல் போனது இந்தப் பழைய வகைக் கோப்பால்தான். இடம் தீர்ந்ததும் மீதி வரிசைகள் உள்ளே ஏறவில்லை. பழைய கோப்புகளை இன்னும் வைத்திருப்பவர்கள் 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிய வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தலைப்பை நிறுத்தி வைக்கும் யோசனை ஒன்றும் புதிதில்லை. டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் 1979-ல் கொண்டுவந்த விசிகால்க் மென்பொருளிலேயே 'டைட்டில்ஸ்' என்ற பெயரில் இந்தக் கட்டளை இருந்தது. அன்றைய திரையில் இருபது சொச்சம் வரிசைகள்தான் தெரியும். இன்றைய செல்போன் திரையும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

பிரிண்ட் எடுக்கும்போது?

பட்டியலை அச்சடித்து அலுவலகச் சுவரிலோ ஊர்ப் பொது இடத்திலோ ஒட்டும்போது புதுத் தொல்லை ஒன்று வரும். திரையில் நின்ற தலைப்பு காகிதத்தில் முதல் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். எக்செலில் ஃப்ரீஸுக்கும் பிரிண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆறாவது பக்கத்தில் தன் பெயரைத் தேடுகிறவர், பெயருக்கு எதிரே இருக்கும் 'இல்லை' என்பது எதற்கு என்று தெரியாமல் நிற்பார்.

'பேஜ் லேஅவுட்' மெனுவில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்' என்ற இடத்தில் கிளிக் செய்து, ஷீட்டில் தலைப்பு இருக்கும் வரிசையைத் தொடுங்கள். தலைப்பு முதல் வரிசையில் இருந்தால் அங்கே $1:$1 என்று விழும், முதல் மூன்று வரிசைகள் என்றால் $1:$3. கூகுள் ஷீட்ஸில் பிரிண்ட் கொடுக்கும்போது, 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்' பகுதியில் 'ரிப்பீட் ஃப்ரோசன் ரோஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஃப்ரீஸ் செய்த வரிசையே ஒவ்வொரு பக்கத்திலும் வரும். மொத்தத்தையும் அச்சடிக்கும் முன் பிரிண்ட் ப்ரிவியூவில் இரண்டாவது பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே தலைப்பு இருந்தால் கடைசிப் பக்கம் வரை இருக்கும்.